அம்மிக்கு முட்டுக் கொடுத்த தகடு

மங்கலத்தில் சென்னம்மாள் வீட்டு வாசலில் ஒரு வேப்பிலை விழுந்தால், அது மண்ணைத் தொடுவதற்குள் சீமாறு வந்துவிடும் என்று சொல்வார்கள். கொஞ்சம் கூட்டிச் சொல்வதுதான். ஆனால் ரொம்பக் கூட்டவில்லை. பாத்திரத்தின் உள்பக்கத்தைத் துலக்கிவிட்டு அடிப்பக்கத்தைக் கரியோடு கவிழ்த்து வைக்கிற பெண்களை அவளுக்கு ஆகாது. அதை மனசுக்குள் வைத்துக்கொள்ளவும் தெரியாது. "தலைக்குக் குளிச்சுப்போட்டுக் காலைக் கழுவாம வாரவளாட்டத்தான் இருக்குது" என்று அந்த வீட்டுக் காப்பியைக் குடித்துக்கொண்டே அந்த வீட்டுக்காரியிடம் சொல்லிவிட்டு வருவாள்.

அவள் வாயைப் பற்றி ஊரில் நல்ல பேர் கிடையாது. கையைப் பற்றி உண்டு. தறிக்காரர் வீட்டில் பிறந்தவள். சின்ன வயசில் ராட்டையில் உட்கார்ந்து, கதிரில் நூலைத் தாராகச் சுற்றியவள். நூல் அறுந்தால் முடிச்சுத் தெரியாமல் முடிவாள். அம்மி கொத்துகிறவன் தெருவில் குரல் கொடுத்தால் மற்ற பெண்கள் கூப்பிடுவார்கள், சென்னம்மாள் கூப்பிடமாட்டாள். ஒருமுறை அவன் கொத்தியது மேலோட்டமாக இருந்தது. "இதுக்குக் கோழி கொத்தியிருந்தாத் தேவுல" என்று சொல்லி, அவனிடமே ஓர் உளியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள். அன்று முதல் அவள் அம்மியை அவளேதான் கொத்தினாள்.

அந்த உளிதான் பின்னால் வினையாகவும் முடிந்தது.

அவளுடைய வீட்டுக்காரர் லிங்கசாமி தறிக்குழியை விட்டு ஸ்டேரிங்கைப் பிடித்தவர். ஒரு கறுப்புக் கார் வைத்திருந்தார். அந்தப் பக்கத்தில் அப்போதெல்லாம் யாரும் கார் என்று சொல்லமாட்டார்கள், பிளசர் என்பார்கள். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்துமூன்று, நான்கு வாக்கில் மங்கலத்தில் வாடகைக்கு ஓடிய பிளசர் அது ஒன்றுதான். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அதில் வருவார். பிரசவ வலி கண்ட பெண்ணும் அதில்தான் திருப்பூர் ஆஸ்பத்திரிக்குப் போவாள். குழி, மேடு, மாட்டுவண்டித் தடம் எல்லாவற்றின்மேலும் லிங்கசாமி அந்த வண்டியைத் தண்ணிக்குடம் சுமந்து நடப்பவர்போல நடத்திக்கொண்டு போவார். "லிங்கசாமி வண்டியில போனா வவுத்துக் கொழந்தைக்குத் தூக்கங் கலையாது" என்று ஊரில் பேச்சு. மனிதர் ரொம்பப் பேசமாட்டார். வீட்டில் பேசுவதற்குத்தான் ஆள் இருக்கிறதே.

அந்த வருஷம் ஆயுத பூசைக்கு முன்னால் லிங்கசாமிக்கு டைபாய்டு காய்ச்சல் வந்து படுத்துவிட்டார். படுக்கையிலிருந்தபடியே, "வண்டிக்கு ஒரு மாலையப் போட்டு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழத்த வெச்சுரு புள்ள. அது போதும்" என்றார்.

"அழுக்கு மேல சந்தனத்த வெச்சா அது சந்தனமுங்களா? சேறுங்க" என்றாள் சென்னம்மாள். "நீங்க கம்முனு படுங்க."

வண்டியின் வெளிப்பக்கம், உள்பக்கம், கண்ணாடி, மிதியடி எல்லாம் துடைத்து முடித்தாள். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அவள் பாத்திரத்தின் அடிப்பக்கத்தைப் பார்க்கிறவள் ஆயிற்றே. புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, ஒரு சாக்கை விரித்து, வண்டிக்கு அடியில் மல்லாந்து புகுந்துவிட்டாள்.

எதிர்வீட்டு மயிலாள் வாசலில் நின்று சிரித்தாள். இரண்டு விசைத்தறி ஓட்டுகிற வீட்டுக்காரி; ஊர்ச் சேதியெல்லாம் அவள் வாசலைத் தொட்டுவிட்டுத்தான் போகும். "ஏனக்கா, வண்டிக்கு அடியில ஆரு வந்து பாக்கப்போறாங்க?"

"நீ பாத்துட்டுத்தான நிக்கறே. அது பத்தாதா?" என்று வண்டிக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

உள்ளே எண்ணெயும் மண்ணும் அடை அடையாய் அப்பிக் கிடந்தன. பழைய தோசைத்திருப்பியால் சுரண்டி, சீமெண்ணெய் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தாள். எஞ்சினின் சுற்றலைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீளமான இரும்புக் குழாய் ஒன்று வண்டியின் நடுவயிற்றில் ஓடுமே, பட்டறைக்காரர்கள் ஷாப்ட் என்பார்களே, அதைத் துடைத்துக்கொண்டு வரும்போது ஓரிடத்தில் கையில் நெருடியது. பாதித் தீப்பெட்டி அகலத்தில் ஒரு கனத்த தகடு. ஓட்டை அண்டாவுக்குப் பாத்திரக்காரன் அவசரத்தில் ஒட்டிவிட்டுப் போன பத்து மாதிரி, கோணலாக, துருப்பிடித்து உட்கார்ந்திருந்தது.

சென்னம்மாள் யோசித்துத்தான் செய்தாள். யோசிக்காமல் செய்தாள் என்று யாரும் சொல்லக்கூடாது. பத்து எதற்குப் போடுவார்கள்? ஒழுகினால் போடுவார்கள். இந்தக் குழாயில் என்ன தண்ணீரா போகிறது, எண்ணெயா போகிறது? ஒன்றும் இல்லை. அப்படியானால் இது எவனோ கைவேலை தெரியாதவன் செய்த அசிங்கம். உள்ளே போய் அம்மி உளியை எடுத்து வந்தாள். ஓரத்தில் வைத்துச் சுத்தியால் நாலு தட்டு. துரு தின்ற பற்றவைப்பு, விட்டுவிட்டது. அந்த இடத்தை நாரால் தேய்த்துத் துடைத்து, குழாய் முழுக்க அலுமினியம் பெயிண்டை இரண்டு தடவை அடித்தாள். வெளியே வந்து எட்டிப் பார்த்தால் வெள்ளி அரைஞாண்போல மின்னியது.

தகட்டைத் தூக்கிப்போட மனசு வரவில்லை. நல்ல கனமான இரும்பு. வீட்டுக்குப் பின்னால் பொடக்காலியில் கிடந்த அம்மிக்கு ஒரு மூலை தூக்கல். அரைக்கும்போதெல்லாம் கடக்குக் கடக்கென்று ஆடும். ஓட்டுச்சில், பனையோலை என்று எதையெதையோ மடித்து முட்டுக் கொடுத்துப் பார்த்துச் சலித்திருந்தாள். இந்தத் தகட்டை அந்த மூலைக்கு அடியில் செருகினாள். அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. அம்மி அசையவில்லை. ஒரே நாளில் இரண்டு வேலை முடிந்த திருப்தியில் அன்றைக்குச் சுண்டலுக்குத் தேங்காய் கொஞ்சம் தாராளமாகவே போட்டாள்.

லிங்கசாமி எழுந்து நடமாடத் தீபாவளி தாண்டிவிட்டது. பக்கத்துச் சந்தைக்கும் கோயிலுக்கும் மெதுவாக ஓட்டியபோது ஒன்றும் தெரியவில்லை. முதல்முதலாகக் கோயமுத்தூர் ரோட்டில் கொஞ்சம் அழுத்தி ஓட்டினார். வேகம் முப்பத்தைந்து மைலைத் தொட்டதும் காலுக்கடியில் தரை அதிர்ந்தது. அதிர்ச்சி சீட்டுக்கு ஏறி, முதுகுக்கு ஏறி, ஸ்டேரிங் வழியாகக் கைக்கு வந்தது. வேகத்தைக் குறைத்தால் நின்றது. போய் இறங்கி ஒரு டீ வாங்கினார். கிளாஸ் கையில் நடுங்கியது.

அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. அவருடைய அப்பா நல்ல நெசவாளி. இதே வயசில்தான் கை நடுக்கம் வந்தது. முதலில் தறியில் ஓடுகிற நாடா தவறியது. பிறகு சோற்று உருண்டை தவறியது. கடைசியில் லிங்கசாமிதான் ஊட்டிவிட்டார். காய்ச்சல் வந்து நரம்பைத் தின்றுவிட்டுப் போய்விட்டது, அப்பாவுக்கு வந்தது நமக்கும் வந்துவிட்டது என்று தனக்குள்ளேயே தீர்ப்பு எழுதிவிட்டார்.

அப்படியும் ஒரு நப்பாசையில் வண்டியைத் திருப்பூர் ராயபுரத்துக்கு ஓட்டிப் போனார். அங்கே தண்டாயுதபாணி பட்டறை வைத்திருந்தான். கெட்டிக்காரன், நல்ல பையன். சக்கரங்களை முன்னும் பின்னும் மாற்றிப் போட்டான். எஞ்சின் உட்காரும் ரப்பரைப் பார்த்தான். அடியில் படுத்து ஷாப்ட்டைப் பிடித்து ஆட்டினான். ஆட்டமில்லை, இறுக்கமாக இருந்தது. வெள்ளியாய் மின்னுவதைப் பார்த்து, "அக்கா கைவண்ணமுங்களா?" என்று சிரித்துக்கொண்டான். ராயபுரத்துச் சந்தில் ஓட்டியும் பார்த்தான். அங்கே மூட்டை வண்டிகளுக்கு நடுவில் முப்பத்தைந்து மைலை எங்கே தொடுவது?

"வண்டியில ஒன்னுமில்லீங்கண்ணா. காச்சல் கண்ட ஒடம்பு. கொஞ்ச நாளைக்கி ரெஸ்ட்டா இருங்க" என்றான். நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். லிங்கசாமிக்கு ஆணி அடித்த மாதிரி ஆகிவிட்டது.

இதற்கிடையில் மயிலாள் தன் மருமகளை டாக்டரிடம் காட்ட அந்த வண்டியில் அழைத்துப்போய்விட்டு வந்தாள். மருமகளுக்கு ஆறு மாசம். "கொடலே எடம் மாறிப்போச்சு தாயி!" என்று தெருவில் சொன்னாள். திரும்பி வரும்போது லிங்கசாமி டீ குடித்ததையும் பார்த்திருக்கிறாள். அப்புறம் கேட்கவா வேண்டும்? மதுவிலக்கு இருந்த காலம். "காச்சலாமா, காச்சலு! சாராயங் காச்சறவன்கிட்டப் போயிக் குடிச்சுப்போட்டு வாராரு. கை நடுங்கறதப் பாத்தாத் தெரியிலியா?" என்றாள். வெற்றிலையைத் தவிர வேறெதையும் வாயில் போடாத மனிதரை ஊர் மோப்பம் பிடிக்க ஆரம்பித்தது. வண்டி பாதிநாள் வாசலிலேயே நின்றது.

ஒருநாள் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே லிங்கசாமி சொன்னார். "தரகு நல்லாங்கிட்டச் சொல்லிப்போட்டேன் புள்ள. வெள்ளிக்கெழம வண்டியப் பாக்க ஆளக் கூட்டியாராராம்."

சென்னம்மாள் கையிலிருந்த போசிப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "எதுக்குங்க?"

அவர் அப்பாவின் கதையைச் சொன்னார். டீ கிளாஸைச் சொன்னார். "புள்ளத்தாச்சிய வெச்சுட்டுப் போறப்ப எங்கையாச்சும் கை தவறிப்போச்சுன்னா? அந்தப் பாவத்த எங்க போயித் தொலைக்கறது? இனி ஸ்டேரிங்கத் தொடமாட்டேன்." கண்ணைத் துண்டால் துடைத்துக்கொண்டார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அதைப் பார்த்ததில்லை.

வேறொருத்தியாக இருந்தால் அழுதிருப்பாள். சென்னம்மாள் கேள்வி கேட்டாள்.

"காத்தால சவரம் பண்றீங்களே, அப்ப நடுங்குதுங்களா?"

"இல்ல."

"சோறு உங்கறப்ப?"

"இல்ல."

"வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவறப்ப?"

"வண்டி ஓட்டிப்போட்டு எறங்குனாத்தான் புள்ள."

"அப்ப வண்டியத் தொட்டா மட்டும் நடுக்குவாதம் வருது. மத்த நேரமெல்லாம் அது வேற சோலி பாக்கப் போயிருது. நொம்ப வெவரமான நடுக்குவாதமுங்க!" என்றாள். "வண்டிய எடுங்க."

"எங்க?"

"அவனாசி ரோட்டுக்கு. எங்கம்மா ஊட்டுக்குன்னு நெனச்சுக்கங்க. எந்திரிங்க மாமா."

கழுவி வைத்த பித்தளைப் போசியை எடுத்துக்கொண்டாள். மூடியை இறுக்கவில்லை, சும்மா மேலே வைத்தாள். காருக்குள் தரையின் நடுவில், ஷாப்ட் ஓடுகிற இடத்துக்கு மேலே மேடு தட்டியிருக்குமே, அதன்மேல் போசியை வைத்துவிட்டு முன்சீட்டில் உட்கார்ந்தாள். லிங்கசாமி ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஏதாவது வரும்.

திருப்பூர் தாண்டி அவிநாசி ரோட்டில் திரும்பினார்கள். நீள நேரான ரோடு. மெதுவாகப் போனபோது போசி சமர்த்தாக இருந்தது. முப்பது மைல் ஆனது. சத்தமில்லை. முப்பத்தைந்தை முள் தொட்டதுதான் தாமதம், மூடி கிணுகிணுவென்று பாட ஆரம்பித்தது.

"கொறைங்க" என்றாள். குறைத்தார். மூடி வாயை மூடிக்கொண்டது. "ஏத்துங்க." ஏற்றினார். பாடியது.

"இப்ப ரெண்டு கையும் எடுங்க."

"என்னது?"

"ஸ்டேரிங்க வுடுங்க. மேல தூக்குங்க, கோயில்ல கும்படறாப்பல."

"உனக்கென்ன புள்ள, பைத்தியமா?"

"எதுத்தாப்பல எரும கூட இல்ல. தூக்குங்கங்கறேன்!"

சிவன்மலை முருகா என்று முனகிக்கொண்டே லிங்கசாமி இரண்டு கையையும் தூக்கினார். அந்தரத்தில் அவர் கை. கீழே போசி மூடி கிணுகிணு, கிணுகிணு.

"உங்க கை ஆகாசத்துல இருக்குது" என்றாள் சென்னம்மாள். "அப்பறம் இது ஆரு கை நடுங்கிப் பாடுது? உங்கப்பனுக்கு வந்த சீக்கு போசிக்கும் வந்துருச்சா?"

லிங்கசாமி கையை இறக்கி ஸ்டேரிங்கைப் பிடித்தார். ஓரமாக ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்தினார். இரண்டு உள்ளங்கையையும் விரித்துப் பார்த்தார். பிறகு மெதுவாக, "எறங்குன பொறவும் நடுங்குதே புள்ள" என்றார்.

"நாலு படி அரிசி ஆட்டிப்போட்டு எந்திரிச்சா எனக்குந்தான் கை நடுங்குது. அதுக்காவ ஆட்டாங்கல்ல வித்துப்போட்டனா? திருப்புங்க, தண்டபாணி பட்டறைக்கு."

பட்டறையில் தண்டாயுதபாணியோடு தரகு நல்லானும் இருந்தார். கார், மாடு, தறி எதை விற்றாலும் அவர் கை வழியாகத்தான் போகும். நாலு ஊர் சுற்றுகிற மனிதர். பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். லிங்கசாமியைப் பார்த்ததும், "வெள்ளிக்கெழம ஆளு உறுதிங்க மாப்பள" என்றார். சென்னம்மாள் அவரைப் பார்த்த பார்வையில் டீயை ஊதிக் குடிக்க ஆரம்பித்துவிட்டார்.

அவள் போசியை மேசைமேல் வைத்து நடந்ததைச் சொன்னாள். தண்டாயுதபாணி சிரிக்கவில்லை. போசியையே கூட்டிக்கொண்டு தானே ரோட்டுக்கு ஓட்டிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "நான் பண்ணுனது தப்புங்கண்ணா. ஊருக்குள்ளயே ஓட்டிப்போட்டு ஒன்னுமில்லைன்னுட்டேன்" என்று முதலில் அதைச் சொன்னான். பிறகு, "ஓடறப்பக் கியர நியூட்ரல்ல வுட்டுப் பாத்தேன். எஞ்சின் அடங்கியும் மூடி பாடுது. அதனால எஞ்சின் இல்லீங்க. முன்சக்கரமா இருந்தா ஸ்டேரிங் இப்பிடி அப்பிடி ஆடோணும். அதுவுமில்ல. அடியில சுத்தற ஷாப்ட்டுதானுங்க. ஆனா அது ஆட்டமில்லாம கிச்சுனு இருக்குது. அதுதான் புரியமாட்டீங்குது" என்றான்.

இதே ஜாதி வண்டியின் பழைய ஷாப்ட் ஒன்று பட்டறை மூலையில் சாத்தியிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க அதை இழுத்து வந்து தரையில் போட்டான். சென்னம்மாள் குனிந்து பார்த்தாள். அழுக்கு. அழுக்கைப் பார்த்தால் அவளுக்கு வாய் நிற்காது.

"இதென்ன தம்பி, இத்தன பெரிய பட்டற வெச்சிருக்கறே, இந்தப் பத்தத் தட்டி எடுத்துப்போட்டுச் சுத்தமா வெக்கறதுக்கென்ன? அசிங்கமா ஒட்டீட்டு நிக்குது."

"எதுங்கக்கா?"

"இதா, இந்தத் தகடு."

"அய்யோ, அது பத்து இல்லீங்க. கம்பெனில வெச்சுப் பத்த வெக்கறதுங்க. இந்தக் கொழாய் எப்பிடிச் செஞ்சாலும் ஒரு பக்கம் துளி கனமாத்தான் இருக்கும். மெதுவாச் சுத்தறப்பத் தெரியாது. வேகமாச் சுத்துனா கனமான பக்கம் வெளிய தள்ளும், வண்டியே ஒதறும். அதுக்குத்தான் கனங் கொறஞ்ச பக்கத்துல இந்தத் தகட்ட வெச்சுச் சரிக்கட்டறது."

சென்னம்மாள் நிமிர்ந்தாள். "தார் சுத்தறப்ப நூல் ஒரு பக்கமாத் தடிச்சுப்போச்சுன்னா கதிரு உதறுமே. அதாட்டவா?"

"அதேதானுங்க."

அதற்குப் பிறகு சென்னம்மாள் பேசவில்லை. அவள் பேசாமல் நிற்பதைப் பார்த்து லிங்கசாமிக்குத்தான் முதலில் பயம் வந்தது. "ஏன் புள்ள, மயக்கமா வருதா?"

அவள் நினைத்திருந்தால் அங்கேயே அதை முழுங்கியிருக்கலாம். பெயிண்டுக்கு அடியில் என்ன இருந்தது, என்ன இல்லை என்று யாருக்குத் தெரியும்? துருப்பிடித்து எங்கோ விழுந்திருக்கும் என்று தண்டாயுதபாணியே சொல்லிக்கொண்டு புதுத் தகடு போட்டிருப்பான். அவளுடைய சுத்தத்தைப் பற்றித் தெருவெல்லாம் அவள் அடித்த தம்பட்டத்துக்கு ஒரு கீறல்கூட விழுந்திருக்காது. பக்கத்தில் வேறு நல்லான், ஊர் ஊராகப் போகிற வாய்.

அவள் நல்லான் பக்கமே திரும்பினாள்.

"நல்லாண்ணா, டீயக் கீழ வெச்சுப்போட்டு நல்லாக் காது குடுத்துக் கேளுங்க. எங்க வண்டியில இருந்த தகட்ட நாந்தான் தட்டி எடுத்தேன். ஆயுத பூசைக்கு. அம்மி கொத்தற உளிய வெச்சு. இவரு அப்பக் காச்சல்ல கெடந்தாரு, இவருக்குத் தெரியாது. எடுத்துக் கொண்டுபோயி அம்மிக்கு முட்டுக் குடுத்திருக்கறேன். இவரு கைக்கு ஒன்னுமில்ல. குடிச்சாரு கிடிச்சாருன்னு எவளாச்சும் சொன்னா, குடிச்சது இவரில்ல, கொழுப்பெடுத்துச் சுரண்டுனது இவரு பொண்டாட்டின்னு சொல்லுங்க. நீங்க போற எடத்துலயெல்லாம் சொல்லோணும். மங்கலத்துல எறங்குனதீம் மொதல்ல எங்க எதுத்த ஊட்டு மயிலாகிட்டச் சொல்லுங்க. மத்ததெல்லாம் அவ பாத்துக்குவா."

"வுடு புள்ள" என்றார் லிங்கசாமி. "ஊட்டுல போயிப் பேசிக்கலாம்."

"உங்களப் பத்தி ஊட்டுக்குள்ளயா பேசுனாங்க? ஊரே பேசுச்சில்ல? அப்ப இதும் ஊருக்குள்ளதான் பேசோணும்."

நல்லான் டீயைக் கீழே வைத்தார். "அப்ப வெள்ளிக்கெழம?"

"வெள்ளிக்கெழம வாங்க. உளுந்து வடை சுட்டுத் தாரேன். வண்டி கெடைக்காது."

மெதுவாக ஓட்டிக்கொண்டு மங்கலத்துக்குப் போய், அம்மியைத் தூக்கித் தகட்டை உருவி எடுத்து வந்தார்கள். மஞ்சளும் மிளகாயும் ஏறி அது செக்கச்செவேலென்று இருந்தது. தண்டாயுதபாணி முகர்ந்து பார்த்து, "அக்கா, வண்டி இனிக் கொழம்பு வாசமடிக்குமுங்க" என்றான். எங்கே ஒட்டுவது என்பதுதான் அடுத்த கேள்வி. சரியான இடத்தில் இல்லாவிட்டால் இருக்கிற உதறல் கூடத்தான் செய்யும். அவள்தான் இரண்டு தடவை பெயிண்ட் அடித்து வழவழவென்று ஆக்கிவைத்திருக்கிறாளே. அதே உளியைக் கொண்டுவந்து, தான் அடித்த பெயிண்டைத் தானே சுரண்டினாள். இந்த முறை ஈர்க்குச்சியால் கண்மை எடுப்பதுபோலச் சுரண்டினாள். பழைய பற்றவைப்பின் தழும்பு இரண்டு பக்கமும் கிடைத்தது. தகட்டின் உடைந்த ஓரம் அதில் பல்லுக்குப் பல் பொருந்தியது.

பற்றவைத்து, மாட்டி, அவிநாசி ரோட்டுக்குப் போனார்கள். முப்பத்தைந்தில் மூடி பாடவில்லை. ஆனால் நாக்கைச் சப்புக்கொட்டுவதுபோல ஒரு சின்னச் சத்தம். "புதுசாப் பத்த வெச்ச இரும்போட கனமுங்க" என்று தண்டாயுதபாணி அரத்தை எடுத்தான். துளி ராவினான். மறுபடி போனார்கள். முப்பத்தைந்து. நாற்பது. நாற்பத்தைந்து.

போசி ஊமையாகிவிட்டது.

லிங்கசாமி பக்கவாட்டில் சென்னம்மாளைப் பார்த்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, இரண்டு கையையும் ஸ்டேரிங்கிலிருந்து எடுத்துக் கோயிலில் கும்பிடுவதுபோல மேலே தூக்கினார்.

"ஏனுங்க! புடிங்க, புடிங்க! எதுக்கால பஸ்ஸு வருதுங்க!" என்று கத்தினாள் சென்னம்மாள். அந்த மனிதர் அவ்வளவு சத்தமாகச் சிரித்து அவள் கேட்டதே கிடையாது.

சொன்னதுபோல நல்லான் வேலையைச் சரியாகச் செய்தார். கொஞ்ச நாளைக்கு மங்கலத்தில் பெண்கள் சென்னம்மாளைக் கண்டால், "அக்கா, எங்கூட்டு உத்தரத்துல ஒரு ஆணி துருத்தீட்டு நிக்குது, புடுங்கிப்போடலாமுங்களா?" என்று கேட்டுச் சிரித்தார்கள். "புடுங்கு. ஊடு உளுந்தா எங்கூட்டுக்கு வந்துரு, சோறு போடறேன்" என்பாள். அவள் வாய் ஒரு நூல்கூடக் குறையவில்லை. ஆனால் குடி, கைநடுக்கம் என்ற பேச்சு அத்தோடு செத்தது. வண்டி பழையபடி ஓடியது.

பிப்ரவரி மாசம் ஒரு மத்தியானம் மயிலாள் தலைவிரி கோலமாக ஓடிவந்தாள். மருமகளுக்கு வலி எடுத்துவிட்டது. வாசலில் வந்து நின்றாள். வண்டியைப் பார்த்தாள், லிங்கசாமியைப் பார்த்தாள், தரையைப் பார்த்தாள்.

சென்னம்மாள் அதற்குள் வெந்நீர் போசியும் பழைய வேட்டித் துணியும் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். "ஏன் நின்னுட்டே? ஏறு. ஏறறதுக்கு முன்னால வேண்ணா அவரு வாய மோந்து பாத்துக்க. வெத்தல வாசந்தான் வரும்."

"அக்கா, அது வந்து..."

"சரி சரி, புள்ளையத் தூக்கிப் பின்னால படுக்க வையி. தலகாணியக் குடு. மத்ததப் பொறவு பேசிக்கலாம், எனக்கும் பேச நெறைய இருக்குது."

வண்டி திருப்பூர் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறவரை போசியிலிருந்த வெந்நீர் ஒரு சொட்டுச் சிந்தவில்லை. பேரன் பிறந்தான். மயிலாள் தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். லிங்கசாமிக்கு மட்டும் ஒரு கிண்ணம் நிறைய.

அடுத்த ஆயுத பூசைக்கும் சென்னம்மாள் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் புகுந்தாள். துடைக்காமல் விடுவாளா? துடைத்தாள். ஆனால் அந்தத் தகட்டின்மேல் பெயிண்ட் படாமல் சுற்றி அடித்து, வண்டியிலேயே பெரிய சந்தனப் பொட்டையும் குங்குமத்தையும் அதற்குத்தான் வைத்தாள். யார் கண்ணுக்கும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தால் போதும். அவள் இருந்தவரை வருஷா வருஷம் அப்படித்தான்.

பொடக்காலி அம்மிதான் பாவம், தகடு போனதிலிருந்து மறுபடி கடக்குக் கடக்கென்று ஆடிக்கொண்டிருந்தது. அதே பூசை அன்றைக்கு லிங்கசாமி திருமுருகன்பூண்டிக்கு சாமி சிலை செதுக்குகிற ஒரு சிற்பி குடும்பத்தைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். வரும்போது வேட்டி மடிப்பில் அங்கே எடுத்த ஒரு கருங்கல் சில்லு. தட்டையாக, பாதித் தீப்பெட்டி அகலத்தில் அழகாக இருந்தது.

"இந்தா புள்ள, உன்ற அம்மிக்கு."

சென்னம்மாள் அதை வாங்கி, தொட்டித் தண்ணீரில் நாரால் தேய்த்துக் கழுவினாள். மூலைக்கு அடியில் வைக்கப் போனவள் கையை நிறுத்தினாள். கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏனுங்க" என்றாள். "இது எந்தச் சாமிக்கும் வேண்டியதில்லீங்களே? அந்தச் சிற்பிகிட்ட ஒருக்கா நல்லாக் கேட்டுட்டுத்தான எடுத்துட்டு வந்தீங்க?"